ஒரே வீச்சில் தண்டவாளம்: வெட்டு ஆற்றல் கணக்குக்கு இமேஜ்ஜே எந்த அளவு உதவும்?

இமேஜ்ஜே நுண்ணோக்கிப் படங்களை அளப்பதற்காக எழுதப்பட்ட மென்பொருள். அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்.ஐ.எச். நிறுவனத்தில் வேன் ராஸ்பாண்ட் உருவாக்கியது. செல்களை எண்ணுவதும் திசுவின் பரப்பைக் கணிப்பதும் அதன் அன்றாட வேலை. காசு கிடையாது, பதிவு கிடையாது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கதைகளிலும் அனிமேஷனிலும் வரும் வெட்டுக் காட்சிகளுக்கு ஆற்றல் கணக்குப் போடுகிறவர்களுக்கும் இதைவிட நேர்மையான அளவுகோல் கிடைப்பது அரிது. ஒரு படத்தில் எத்தனை பிக்சல், அது எத்தனை மில்லிமீட்டர், சுற்றி வளைத்த பகுதியின் பரப்பு எவ்வளவு என்பதைக் கையை ஒளிக்காமல் காட்டிவிடும். அதற்கு மேல் போடும் ஒவ்வொரு எண்ணுக்கும் பொறுப்பு கணக்குப் போடுகிறவருடையது.

மாதிரிக்கு ஒரு காட்சியை வைத்துக்கொள்வோம். ஒருவன் வாளை ஒரே வீச்சாக வீசுகிறான், தண்டவாளம் இரண்டாகிறது, வெட்டிய முகம் கண்ணாடிபோல் மின்னுகிறது. எத்தனை ஜூல்?

எதை இறக்குவது என்பது முதல் கேள்வி. வெறும் இமேஜ்ஜேயும் இருக்கிறது, பல செருகுநிரல்களைச் சேர்த்துக் கட்டிய ஃபிஜி என்ற தொகுப்பும் இருக்கிறது. இந்த வேலைக்கு ஃபிஜிதான் சரி. சாய்வாகத் தெரியும் பரப்பை நிமிர்த்தும் இன்டராக்டிவ் பெர்ஸ்பெக்டிவ் கருவி அதில்தான் கூடவே வருகிறது. உயர் பிக்சல் திரைகளில் மெனு எழுத்துகள் எறும்பு அளவுக்குத் தெரிந்தால் எடிட், ஆப்ஷன்ஸ், அப்பியரன்ஸ் போய் ஜியுஐ ஸ்கேலை 1.5 அல்லது 2 ஆக்குங்கள். மெனுக்களில் கட்டளையைத் தேடி அலைய வேண்டாம். எல் விசையை அழுத்தினால் தேடும் பெட்டி வரும், பெயரின் முதல் சில எழுத்து போதும்.

வெறும் இமேஜ்ஜேயில் எம்பி4 திறக்காது. ஏவிஐ கோப்புகளிலும் சுருக்கப்படாதவை, எம்ஜேபெக் வகை போன்ற சிலதான் ஓடும். ஆகவே காட்சியை எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ மாற்றுக் கருவி கொண்டு பிஎன்ஜி படங்களாகப் பிரித்து, ஃபைல், இம்போர்ட், இமேஜ் சீக்வென்ஸ் வழியாக அடுக்காக ஏற்றுவதே தொல்லையில்லாத வழி. திரையைப் படம் பிடித்து ஒட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சாளரத்தின் அளவுக்கு ஏற்பப் படம் சுருங்கியிருக்கும், ஒவ்வொரு பிடிப்பும் ஒவ்வொரு அளவில் இருக்கும், முதல் படத்தில் வைத்த அளவுகோல் இரண்டாம் படத்தில் பொய்யாகிவிடும்.

அடுக்கை ஏற்றியதும் செய்ய வேண்டிய ஒரு சோதனையைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். அனிமேஷன் நொடிக்கு 24 சட்டகம் ஓடினாலும் ஒரே ஓவியம் இரண்டு சட்டகம் நிற்பது சகஜம், அதாவது நொடிக்கு 12 ஓவியம்தான். அடுத்தடுத்த இரண்டு படங்களை இமேஜ் கால்குலேட்டரில் டிஃபரன்ஸ் கொடுத்துக் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே ஓவியம் என்றால் விடை கிட்டத்தட்ட முழுக்கறுப்பாக வரும். வீடியோ சுருக்கத்தின் இரைச்சல் காரணமாகத் துல்லியமான பூச்சியம் வராது, அதை அசைவு என்று எண்ணிவிடக் கூடாது. வாள் நுனி இரண்டு ஓவியங்களுக்கிடையே 1.8 மீட்டர் நகர்ந்திருந்தால், 24 கணக்கில் நொடிக்கு 43 மீட்டர், 12 கணக்கில் 21.6 மீட்டர். இயக்க ஆற்றல் வேகத்தின் இருபடியில் ஏறும் என்பதால் இந்த ஒரு கவனக்குறைவே விடையை நான்கு மடங்கு ஊதிவிடும்.

அடுத்தது அளவுகோல். இமேஜ்ஜேயின் பலம் முழுக்க இங்கேதான். நேர்கோட்டுக் கருவியை எடுத்து நீளம் தெரிந்த ஒரு பொருளின் மேல் கோடு இழுத்து, அனலைஸ், செட் ஸ்கேல் திறந்தால் பிக்சல் எண்ணிக்கை தானாக நிரம்பியிருக்கும். நோன் டிஸ்டன்ஸ் கட்டத்தில் உண்மை நீளம், யூனிட் கட்டத்தில் மி.மீ. அவ்வளவுதான் வேலை. நீளம் தெரிந்த பொருள் எது என்பதில்தான் சறுக்கல். ஆளின் உயரத்தை வைக்கிறவர்கள் உண்டு. வரையப்பட்ட ஆள் குனிந்திருப்பான், முடி தூக்கியிருக்கும், சட்டகத்துக்குச் சட்டகம் உயரம் மாறும். தண்டவாளக் காட்சி என்றால் இருப்புப் பாதையின் அகலத்தைவிட நல்ல அளவுகோல் வேறில்லை. இந்திய அகலப்பாதை 1676 மி.மீ., உலகின் பெரும்பகுதியிலும் ஜப்பானின் ஷின்கான்சென் தடத்திலும் 1435 மி.மீ., ஜப்பானின் பழைய வழித்தடங்கள் பெரும்பாலும் 1067 மி.மீ. கதை நடப்பது ஜப்பானியக் கிராமத்து ரயில் நிலையமாக இருந்து 1435 போட்டுவிட்டால் நீளம் 1.34 மடங்கு பெருகும், பரப்பு 1.81 மடங்கு, கன அளவு 2.4 மடங்கு. கடைசியில் வரும் ஜூல் எண்ணில் இது எங்கே ஒளிந்திருக்கிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. பாதையின் அகலம் என்பது இரு தண்டவாளத் தலைகளின் உள்முகங்களுக்கு இடையே உள்ள தூரம். படத்தில் கோடு இழுக்கும்போது கை இயல்பாகவே தலையின் நடுவிலிருந்து நடுவுக்குப் போகும். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள, 60 கிலோ வகை எனப்படும் தண்டவாளத்தின் தலை 72 மி.மீ. அகலம் என்பதால் 1676 என்று எழுதிய கோடு உண்மையில் 1748 மி.மீ. நீளம். நான்கு சதவீதப் பிழை, பரப்பில் எட்டு சதவீதத்துக்கும் மேல். படத்தை 400 சதவீதம் பெரிதாக்கி உள்விளிம்பில் கோட்டின் முனையை வையுங்கள்.

செட் ஸ்கேல் பெட்டியில் குளோபல் என்ற கட்டத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதைத் தேர்ந்தால் திறந்திருக்கும், இனித் திறக்கும் எல்லாப் படங்களுக்கும் அதே அளவுகோல் போய்விடும். ஒரே கேமரா கோணத்தில் வந்த அடுக்குக்கு அது வசதி, கோணம் மாறிய அடுத்த காட்சிக்கு விஷம். வேலை முடிந்ததும் நீக்கிவிடுவது நல்லது. அதேபோல, சில படங்களைத் திறந்த உடனேயே அங்குலக் கணக்கில் அளவுகோல் தோன்றும். அது கோப்பில் பதிந்த அச்சு அடர்த்தியிலிருந்து வருவது, காட்சியில் உள்ள பொருளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அளவுகோல் வைத்த படத்தை டிஃப் (TIFF) வடிவில் சேமியுங்கள், அளவு கூடவே தங்கும். சாதாரணப் படக் கோப்பாக ஏற்றுமதி செய்து மறுபடி திறந்து, பழைய அளவுகோல் இருக்கிறது என்று நம்பி அளக்காதீர்கள்.

பரப்பு அளப்பது எளிது. பாலிகான் கருவியால் வெட்டுமுகத்தைச் சுற்றி வளைத்து எம் விசையை அழுத்தினால் முடிவு அட்டவணையில் வந்துவிடும். டி (T) விசையை அழுத்தினால் அந்தச் சுற்று, வரைந்த சுற்றுகளைச் சேர்த்துவைக்கும் ஆர்ஓஐ மேனேஜரில் சேரும். பிறகு அதைச் சேமித்து அடுத்தவருக்கு அனுப்பலாம், அவர் அதே கோட்டைத் தன் திரையில் போட்டுச் சரிபார்க்கலாம். அம்புக்குறி போட்ட படத்தை மட்டும் காட்டி "நம்புங்கள்" என்று சொல்லும் பழக்கத்துக்கு இது நல்ல மருந்து. இந்த ஒரு வசதிக்காகவே மற்ற வரைகலை மென்பொருள்களை விட்டு இமேஜ்ஜேக்கு வரலாம்.

ஆனால் பரப்பைப் படத்திலிருந்து எப்போது எடுக்கக் கூடாது என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். பாதையின் அகலம் படத்தில் 230 பிக்சல் என்று வையுங்கள். ஒரு பிக்சல் 7.3 மி.மீ. தண்டவாளத்தின் உயரம் 172 மி.மீ., ஆக வெறும் 23 அல்லது 24 பிக்சல். இரு முனையிலும் ஒவ்வொரு பிக்சல் தவறினாலே உயரத்தில் எட்டு சதவீதம் போய்விடும், பரப்பில் அதன் இரு மடங்கு. மென்பொருள் 7,214.338 என்று மூன்று தசம இடம் வரை விடை காட்டும், அந்தத் தசமத்தில் மயங்கிவிட வேண்டாம். இந்த இடத்தில் படத்தின் வேலை, தண்டவாளம் எந்த வகை என்று அடையாளம் காட்டுவதோடு முடிகிறது. பாதம் 150, உயரம் 172 என்ற விகிதத்துக்கு அது ஒத்துவந்தால் 60 கிலோ வகை. அதன் குறுக்குவெட்டு சுமார் 76.7 சதுர செ.மீ., அதாவது 7,670 சதுர மி.மீ. மீட்டருக்கு 60.2 கிலோ எடையை எஃகின் அடர்த்தியால் வகுத்தாலும் இதே எண் வரும். பொருளின் அட்டவணை எண் கிடைக்கும்போது பிக்சலை நம்புவது வீண். வெட்டு 45 பாகை சாய்வு என்றால் 1.41-ஆல் பெருக்கி 10,850 சதுர மி.மீ. என்று கொள்ளுங்கள். சாய்வை ஆங்கிள் கருவி நன்றாகவே சொல்லும்.

தொலைவு இமேஜ்ஜேயின் பலவீனம். அது தட்டையான படத்தை அளக்கும் கருவி. கேமராவுக்குக் கிட்டே இருக்கும் தண்டவாளத்தில் வைத்த அளவுகோல், இருபது மீட்டர் தள்ளி நடக்கும் வெட்டுக்குச் செல்லாது. வெட்டு நடக்கும் அதே இடத்தின் குறுக்கே பாதை அகலத்தை அளக்க வேண்டும். பாதையின் நீளவாட்டில் தூரம் வேண்டுமென்றால் ஸ்லீப்பர் கட்டைகளை எண்ணுங்கள். இந்திய ரயில்வேயில் கிலோமீட்டருக்கு 1660 என்ற வழக்கமான அடர்த்தியில் கட்டைக்குக் கட்டை சுமார் 60 செ.மீ. பெர்ஸ்பெக்டிவ் கருவி தரைத் தளத்தை நிமிர்த்தித் தரும், ஆனால் தரைக்கு மேல் நிற்கும் எதையும் அது கோணலாக்கிவிடும். நிமிர்த்திய படத்தில் ஆளின் உயரத்தை அளந்தால் அபத்தமான எண் வரும்.

இதுவரை மென்பொருளின் எல்லை. இனி ஆற்றல், இங்கேதான் பெரும்பாலான கணக்குகள் கெட்டுப்போகின்றன. "ஒரு கன செ.மீ. பாறைக்கு இத்தனை ஜூல், எஃகுக்கு இத்தனை ஜூல்" என்ற பட்டியல்கள் கணக்குப் போடுகிறவர்களிடையே கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் பல எண்கள் அந்தப் பொருளின் வலிமைதான். ஒரு மெகாபாஸ்கல் என்பதும் ஒரு கன செ.மீ.க்கு ஒரு ஜூல் என்பதும் பரிமாணத்தில் ஒன்றே என்பதால், வலிமையை அப்படியே ஆற்றலாக வாசித்துவிடுகிறார்கள். அலகு ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது. 880 மெகாபாஸ்கல் இழுவலிமை கொண்ட தண்டவாள எஃகு, மீள்தன்மை எல்லையிலேயே அறுந்துவிடும் என்று வைத்தால் கன செ.மீ.க்கு 1.8 ஜூல்தான் வாங்கும். பத்து சதவீதம் நீண்டு அறுகிறது என்றால் 80 முதல் 90 ஜூல். 880 ஜூல் என்பது எதற்கும் பொருந்தாத எண்.

அதைவிடப் பெரிய தவறு கன அளவு. வெட்டி வீழ்ந்தது ஒரு மீட்டர் துண்டு என்று அதன் 7,670 கன செ.மீ. முழுவதையும் எஃகின் துணிப்பு வலிமையான (கத்தரிபோல் எதிரெதிராகத் தள்ளும் விசையைத் தாங்கும் வலிமை) சுமார் 530 மெகாபாஸ்கலால் பெருக்கி நான்கு மெகாஜூல் என்பார்கள். அந்தத் துண்டுக்கு உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை. நடந்ததெல்லாம் வாள் போன மெல்லிய தளத்தில். துண்டு ஒரு மீட்டராக இருந்தாலும் நூறு மீட்டராக இருந்தாலும் வெட்டின் செலவு மாறாது.

வாள் வெட்டுக்கு நியாயமான வழி இது: வெட்டுப் பரப்பு, வாளின் தடிமன், பொருளின் கடினத்தன்மை, மூன்றையும் பெருக்குவது. கடினத்தன்மை என்பது பொருளை ஒதுக்கித் தள்ள வேண்டிய அழுத்தம், ஆகவே ஒதுக்கப்பட்ட ஒவ்வொரு கன மி.மீ.க்கும் ஆகும் வேலையும் அதுவே. தண்டவாள எஃகு, கடினத்தன்மையை அளக்கும் பிரினெல் அளவில் சுமார் 270. அதை 9.81-ஆல் பெருக்கி அலகு மாற்றினால் கன மி.மீ.க்கு 2.65 ஜூல். முதுகுப் பகுதியில் 7 மி.மீ. தடித்த ஜப்பானிய வாள் முழுக்கப் புகுந்து வெளியேறினால் 7,670 × 7 × 2.65, ஏறத்தாழ 142 கிலோஜூல். ஒரு மி.மீ. தடிமனுள்ள கற்பனைத் தகடு என்றால் 20 கிலோஜூல். சரிபார்க்க இன்னொரு பாதை: 530 மெகாபாஸ்கலைப் பரப்பால் பெருக்கினால் 4.1 மெகாநியூட்டன் விசை, உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 34 மி.மீ. இறங்கியதும் துண்டாகும் என்று கொண்டால் சுமார் 140 கிலோஜூல். இரண்டும் இவ்வளவு நெருங்கி வந்தது ஓரளவு தற்செயல். ஆனால் வேறு வேறு அடிப்படையில் போட்ட இரு கணக்கும் ஒரே பத்தின் அடுக்கில் நிற்பது நல்ல அடையாளம். வாளின் பக்கவாட்டு உராய்வு இதைக் கூட்டும், வெட்டு திறந்ததும் இரு பக்கமும் விலகிக்கொடுப்பது குறைக்கும்.

மற்ற வழிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தக் காட்சிக்கு எது பொருந்தும் என்பது புரியும். ரம்பம்போல் சீவி எடுக்கும் வெட்டு என்றால், உலோக வெட்டுப் பாடநூல்கள் எஃகுக்குக் கன மி.மீ.க்கு சுமார் 2.7 முதல் 9.3 ஜூல் தருகின்றன. 3 மி.மீ. அகலத் தடத்துக்கு 23,000 கன மி.மீ., ஆக 62 முதல் 214 கிலோஜூல். கட்டிங் வீல் கொண்டு தேய்த்து அறுத்தால் கணக்கே வேறு. சாணை வேலையில் மென்னெஃகுக்கு 14 முதல் 68 ஜூல், மொத்தம் 0.3 முதல் 1.6 மெகாஜூல். அதே தடத்தை உருக்கி எடுக்கக் கன மி.மீ.க்கு 10 ஜூல், அதாவது 230 கிலோஜூல்தான் ஆகும். தேய்த்து அறுப்பது உருக்குவதைவிடச் செலவு கூடியது என்பதைக் கேட்டதும் பலர் நம்புவதில்லை. சாணைத் துகள் ஒவ்வொன்றும் மிகச் சிறிய சீவலை எடுக்கிறது, பெரும்பகுதி உராய்வாகவும் உழுதலாகவும் வெப்பமாகிப் போகிறது, காரணம் அவ்வளவே. லேசர் போன்ற ஒன்று தடம் முழுவதையும் ஆவியாக்கினால் சுமார் ஒன்றரை மெகாஜூல். ஆகவே "உருக்கினால் இவ்வளவு, எனவே வெட்டினால் இதற்குக் குறைவு" என்ற வாதம் எப்போதும் செல்லாது.

கீழ்வரம்பும் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு முழுமையாகாது. தண்டவாள எஃகு அவ்வளவு இழுபடும் எஃகு இல்லை. அதன் முறிவு உறுதி, அதாவது விரிசல் பரவுவதை எதிர்க்கும் திறன், சுமார் 35 மெகாபாஸ்கல் ரூட் மீட்டர். அதிலிருந்து வரும் விரிசல் ஆற்றல் சதுர மீட்டருக்கு 5 கிலோஜூலுக்குச் சற்று மேல், முழுக் குறுக்குவெட்டுக்கும் 41 ஜூல். ஏற்கெனவே விரிசல் இருந்து, இழுவிசையும் இருந்தால் தண்டவாளம் அவ்வளவு சொற்பத்தில் பிளந்துவிடும். பள்ளமிட்ட சிறு கட்டையை ஊசல் சுத்தியால் அடித்து முறிக்கும் சார்ப்பி சோதனையின் எண் கிடைக்கும் எஃகு என்றால் அதையும் பயன்படுத்தலாம். 10 மி.மீ. சதுரக் கட்டையில் 2 மி.மீ. பள்ளம் போக 80 சதுர மி.மீ. முறிகிறது. கட்டுமான எஃகுக்கு வழக்கமான கீழ்வரம்பு 27 ஜூல். அதே விகிதம் 7,670 சதுர மி.மீ.க்கு 2.6 கிலோஜூல். ஆக, ஒரே பரப்புக்கு 41 ஜூலும் ஒன்றரை மெகாஜூலும் "சரியான" விடைகளாக இருக்க முடியும். எதைத் தேர்வது என்பதைக் காட்சியே சொல்ல வேண்டும். வெட்டுமுகம் மணல் போல் சொரசொரப்பா, கண்ணாடிபோல் வழவழப்பா? விளிம்பு செக்கச் சிவந்திருக்கிறதா? தீப்பொறி பறந்ததா? துண்டுகள் ஒட்டிக்கொண்டே நின்று பிறகு வழுக்கி விழுகின்றனவா? கடைசிக் கேள்வியில் இமேஜ்ஜேயிடம் கேட்டுப் பயனில்லை. நம் படத்தில் 7 மி.மீ. இடைவெளி ஒரு பிக்சல்கூட வராது.

வாளின் ஆற்றல் கையிருப்பையும் பாருங்கள். 1.1 கிலோ வாள் முழுவதுமே நொடிக்கு 30 மீட்டரில் போகிறது என்று தாராளமாக வைத்தாலும் 495 ஜூல்தான். 142 கிலோஜூல் கொண்டுவர நொடிக்கு 508 மீட்டர் வேண்டும், ஒலியைப்போல் ஒன்றரை மடங்கு. கதையில் அந்த வேகத்துக்கு அறிகுறி இல்லையென்றால், ஆற்றல் வாளின் இயக்கத்தில் இல்லை, கதையின் வேறு ஏதோ ஒரு விதியில் இருக்கிறது. அதை அப்படியே எழுதிவிடுவதுதான் நாணயமான கணக்கு.

பாறை வெட்டுக்கு இதே முறையைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போகாதீர்கள். கருங்கல்லின் விரிசல் ஆற்றல் சதுர மீட்டருக்கு 50 முதல் 100 ஜூல்தான். வரிசையாகக் குழி போட்டு ஆப்பு இறக்கிப் பெரும்பாறையைப் பிளப்பவர்கள் நம்பியிருப்பது இதைத்தான். ஒரு தளத்தில் பிளந்த பாறைக்கும், பொடியான பாறைக்கும், வாள் அகலத்துக்குத் தடம் விட்ட பாறைக்கும் இடையே பல ஆயிரம் மடங்கு வித்தியாசம் வரும்.

மென்பொருளுக்குத் திரும்பினால், குறைகளும் உண்டு. பட மாற்றங்களுக்கு ஒரே ஒரு படிதான் பின்வாங்க முடியும், ஆகவே மூலப் படத்தில் கை வைக்காமல் நகலில் வேலை செய்யுங்கள். தமிழ் இடைமுகம் கிடையாது. பிழைச் செய்திகள் நிரலாளருக்கு எழுதியவைபோல் இருக்கும். அளவீட்டின் பிழை வரம்பை அது கணிக்காது, ஒரே கோட்டை ஐந்து முறை இழுத்துச் சராசரியும் விலகலும் எடுக்க வேண்டும். அதற்கு முடிவு அட்டவணையின் சம்மரைஸ் கட்டளை உண்டு. வாளின் வேகம்தான் முக்கியம் என்றால் டக்ளஸ் பிரவுன் உருவாக்கிய டிராக்கர் என்ற இலவச மென்பொருள் பொருத்தமானது. வீடியோவை நேரடியாகத் திறக்கும், அளவுக் கோல் வைக்கலாம், புள்ளியைத் தானே பின்தொடரும், வேக வரைபடமும் தரும். பரப்பு என்று வந்தால் அது இமேஜ்ஜேயின் பக்கத்தில் நிற்காது. இரண்டையும் வைத்துக்கொள்ள எதுவும் தடையில்லை, இரண்டுக்கும் சேர்த்துச் செலவு பூச்சியம்.

கணக்கை வெளியிடும்போது டிஃப் படம், ஆர்ஓஐ கோப்பு, அளவுகோல் வைத்த பொருளின் பெயர், எந்த வகை வெட்டு என்று கொண்டீர்கள் என்ற ஒரு வரி, நான்கையும் சேர்த்துப் போடுங்கள். ரெக்கார்ட் மேக்ரோவை முதலிலேயே ஓடவிட்டிருந்தால் செய்த படிகள் எல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருக்கும், அதையும் இணைத்துவிடலாம்.